என் முன்னால் இருப்பது காலி இடம் இல்லை

காரோட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பக்கக் கண்ணாடியில் ஒரு நொடி தெரிந்து அடுத்த நொடி காணாமல் போகிற ஸ்கூட்டர்காரன் எழுதுகிறேன். சண்டைக்கு வரவில்லை. சண்டை போட வேண்டிய நேரங்களில் நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவில்லை. அதனால்தான் இப்போது ஸ்டாண்ட் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு ஆற அமர எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். நல்ல வெயில், காய்ந்த சாலை, நெரிசல் இல்லாத பகல் நேரம். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே, நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு கார், என் பாதையைக் குறுக்கே கடந்து பக்கத்துத் தெருவுக்குள் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டு நிற்கிறது. ஓட்டுநர் தலையைத் திருப்பி நான் வரும் பக்கம் பார்க்கிறார். அவர் முகம் எனக்குத் தெரிகிறது. மூக்குக்கண்ணாடிகூடத் தெரிகிறது. சரி, பார்த்துவிட்டார் என்று நான் வேகத்தைக் குறைக்காமல் வருகிறேன். அடுத்த கணம் காரின் முன்சக்கரம் திரும்புகிறது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. வண்டி நின்றபோது என் முன்சக்கரத்துக்கும் அவருடைய பின்கதவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அவர் இறங்கி ஓடி வந்தார். அவருக்கும் கை நடுங்கியது, எனக்கும் நடுங்கியது. "சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லைங்க" என்றார்.

அன்றைக்கு நான் அதை நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று கொதித்தது. பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். இப்போது அவர் சொன்னதை அப்படியே நம்புகிறேன். அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது என்றுகூடத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு, 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டி வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாததால் நடந்தவை. அவற்றிலும் அடிக்கடி நடந்தது எது தெரியுமா? இருசக்கர வண்டி நேராக வர, எதிரே இருந்த கார் அதன் முன்னால் திரும்பியது. என் கதையேதான். சுதாரிக்க ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. இன்னொன்றும் அதில் இருக்கிறது: விபத்துக்கு முந்தைய வேகங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது மணிக்கு 48 கிலோமீட்டர்தான். இருசக்கரக்காரன் பறந்து வந்து மாட்டிக்கொள்கிறான் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் பாதிக் கதை விட்டுப்போகிறது.

இருபது ஆண்டு கழித்து, 1999–2000இல் ஐரோப்பாவின் 5 நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்தபோதும் அதே கதை. பாதி விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் மோதிய மற்ற வண்டியை ஓட்டியவரின் தவறு. அந்தத் தவறுகளில் 70 விழுக்காட்டுக்கு மேல், இருசக்கர வண்டி அங்கே இருப்பதையே கவனிக்காதது. வேண்டுமென்றே செய்தது இல்லை, குடித்துவிட்டுச் செய்தது இல்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கண்ணில் படாமல் போவது எப்படி? சந்திப்பில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டென்று திருப்பிப் பார்க்கிறீர்கள். அப்போது கண் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. தாவித் தாவிப் போகிறது. தாவும் அந்தச் சின்னக் கணத்தில் மூளை படத்தை நிறுத்தி வைத்துவிடுகிறது, இல்லாவிட்டால் உலகம் கலங்கிய குழம்பு மாதிரி தெரியும். இரண்டு தாவல்களுக்கு நடுவே விடுபட்ட இடத்தை மூளையே பூசி மெழுகிவிடுகிறது. அந்த விடுபட்ட இடத்துக்குள் ஒரு கார் முழுதாக மறைவது அரிது. 70 சென்டிமீட்டர் அகலமுள்ள நான் தாராளமாக மறைவேன்.

மறையாமல் இருந்தாலும் போதாது. நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்பதும் இருக்கிறது. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து நின்று, மார்பில் அடித்துவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. சந்திப்பில் நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது கார்களை, லாரிகளை, பேருந்துகளை. உங்களை நசுக்கக்கூடியவற்றை. நான் அந்தக் கணக்கில் இல்லை. நான்தான் கொரில்லா. ஆனால் மார்பில் அடித்துக்காட்ட எனக்கு நேரம் இருக்காது.

சரி, பார்த்தே விட்டீர்கள் என்று வையுங்கள். அப்போதும் ஒரு சிக்கல். ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வருகிற பெரிய வண்டியையும் சின்ன வண்டியையும் பார்க்கும்போது, சின்னது மெதுவாக வந்து சேரும் என்றே மனிதக் கண் கணக்குப் போடுகிறது. லாரி வந்தால் நின்றுவிடுகிறீர்கள். அதே இடத்தில் அதே வேகத்தில் நான் வந்தால் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று தோன்றுகிறது. உங்கள் மீது குற்றமில்லை. ஆனால் கண் இப்படித்தான் ஏமாற்றும் என்று தெரிந்த பிறகும் அதே கணக்கைப் போட்டால், அது உங்கள் கணக்கு.

இப்போது என் பக்கக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் எப்போதாவது காரோட்டுபவன்தான். ஒரு மாலை, சின்னச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வருகிறேன். நிறுத்தினேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், காலியாக இருந்தது, மெல்ல நகர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி "ஏய், வண்டி!" என்று கத்தினாள். பிரேக்கில் கால் போனதும்தான், முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் வெளியே வந்தது. பெண் ஒருவர், பின்னால் பள்ளிப் பையோடு ஒரு பையன். எங்கிருந்தோ திடீரென்று முளைக்கவில்லை. அவ்வளவு நேரமும் அங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள். நான் நகர்ந்த வேகமும் அவர்கள் வந்த வேகமும் பொருந்திப்போனதால், அந்தத் தூணின் மறைவும் அவர்களோடு கூடவே நகர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் தூண் என் உள்ளங்கை அகலம்தான். ஆனால் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால், இருபது மீட்டர் தொலைவில் ஒரு ஸ்கூட்டரை ஆளோடு சேர்த்து விழுங்க அது போதும். கூரை கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருப்பதற்காகத்தான் அதைத் தடிமனாகச் செய்கிறார்கள். உங்களைக் காப்பாற்றுகிற தூண், என்னை மறைக்கிறது. அன்றிலிருந்து கார் எடுத்தால், சந்திப்பில் இருக்கையிலேயே முன்னும் பின்னுமாக ஒருமுறை சாய்ந்து பார்க்கிறேன். கோழி தலையாட்டுவது மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஓடுகிற நெரிசலில் எனக்கும் முன்னால் போகிற வண்டிக்கும் நடுவே நான் ஒரு இடைவெளி விட்டு வருவேன். உங்களுக்கு அது காலி இடமாகத் தெரிகிறது. ஒரு கார் தாராளமாக நுழையலாம் போலிருக்கிறது. நுழைகிறீர்கள். நான் பின்வாங்கி மறுபடி இடைவெளி விடுகிறேன். இன்னொருவர் நுழைகிறார். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் இது நான்கு தடவை நடக்கும்.

அது காலி இடம் இல்லைங்க. அது என் பிரேக்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். முன்னால் போகிறவர் நிற்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கை இழுக்க ஒரு நொடி. அதற்குள் 14 மீட்டர் போயாயிற்று. பிறகு காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 15 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 30 மீட்டர், கார்களை வரிசையாக நிறுத்தினால் ஏழு நிற்கும் நீளம். மழை பெய்தால் இன்னும் கூடும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு, நான் அதே கம்பத்தைத் தொட 2 நொடி ஆக வேண்டும் என்று பல ஓட்டுநர் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்களே, அது இந்தக் கணக்குதான்.

காருக்கும் இதே கணக்குதானே என்று கேட்பீர்கள். இல்லை. நீங்கள் பிரேக்கை முழுசாக மிதித்தால் நான்கு சக்கரமும் சாலையைப் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். கணக்குத் தப்பினாலும் முன்னே இடித்து, பம்பர் நசுங்கி, சீட் பெல்ட் இழுத்துப் பிடிக்கும். காப்பீட்டுக்காரரோடு இரண்டு வாரம் அலைவீர்கள். என்னிடம் இரண்டே சக்கரம். தரையைத் தொடும் ரப்பர் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையைவிடச் சிறியது. பிரேக் பிடித்ததும் எடையின் பெரும்பகுதி முன்னால் பாய்கிறது. பின்சக்கரம் லேசாகி வழுக்கப் பார்க்கிறது. முன்பிரேக்கைப் பதறிப்போய்ச் சட்டென்று இழுத்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு கீழே தள்ளிவிடும். படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குத்தான் இடம் வேண்டும். நீங்கள் என் முன்னால் நுழைந்து, நுழைந்த வேகத்திலேயே பிரேக்கும் பிடித்தால், என் 30 மீட்டரை 5 மீட்டராக்கிவிட்டு "இப்போது நிறுத்து பார்க்கலாம்" என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதும் இதே ரகம். உங்கள் ஹெட்லைட் என் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு வரும்போது, நான் முன்னால் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா? அவசரமாக இருந்தால் தாண்டிப் போங்கள், வழிவிடுகிறேன். ஒட்டி வருவதால் நான் வேகமாகப் போகப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் மெதுவாகத்தான் போவேன், முன்னால் இன்னும் அதிக இடைவெளி விட்டு. அப்படிச் செய்தால்தான் எதையாவது கண்டு நான் மெல்ல நிறுத்த முடியும். பின்னால் வரும் நீங்களும் மெல்ல நிறுத்த முடியும். உங்களை வெறுப்பேற்றச் செய்வது இல்லை.

நான் செய்கிற வேறு சில விஷயங்களும் உங்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்று தெரியும். ஓரமாகப் போகாமல் ஏன் பாதையின் நடுவே போகிறேன்? ஓரத்தில்தான் மணல், கண்ணாடித்தூள், உடைந்த விளிம்பு, தேங்கின தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. ஓரமாகப் போனால் இன்னொன்றும் நடக்கும்: அதே பாதையில் என்னை உரசிக்கொண்டு தாண்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நடுவில் போனால், தாண்டுவதற்குப் பாதை மாற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்வீர்கள். இடம் இருக்கிற இடத்தில் நானே ஒதுங்கி விடுவேன். சாலை குறுகும்போது, பாலத்தில், வளைவில் ஒதுங்க மாட்டேன்.

நிறுத்தியிருக்கிற கார்களின் வரிசையை விட்டுத் தள்ளி ஏன் போகிறேன்? கதவுக்காக. திறந்த கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நீட்டும். அது திறக்கும் கணத்தில் நான் பக்கத்தில் இருந்தால், கதவின் விளிம்பு என் கைவிரல்களுக்கு நேரே இருக்கும். அதைவிட மோசமானது, ஹேண்டில்பாரின் நுனி மட்டும் கதவில் தட்டி, நான் எதிர்ப்பக்கம், ஓடுகிற வண்டிகளுக்குள் போய் விழுவது. ஓரமாக நிற்கிற காருக்குள் ஒரு தலை அசைந்தாலோ, பின்விளக்கு அப்போதுதான் அணைந்தாலோ, முன்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவேன். இதற்கு உங்களிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல், எதிர்க்கையால் குறுக்கே எட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகவே திரும்பும், கண் தானாகவே பின்னால் போகும். நெதர்லாந்தில் வெகுநாளாக இருக்கிற பழக்கம் என்பார்கள். பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022இல் இதைச் சேர்த்தே விட்டார்கள். பின்சீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், நேராகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று ஏன் ஒரு பக்கம் வெட்டினேன்? பள்ளம். உங்கள் சக்கரம் அதில் இறங்கினால் ஒரு 'தடக்'. என் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் 17 அங்குலம் இல்லை. சின்னச் சக்கரம் சின்னப் பள்ளத்திலும் முழுசாக இறங்கும். விமானப் பொறியாளர் கொராடினோ தஸ்கானியோ வடிவமைத்து 1946இல் வெளிவந்த முதல் வெஸ்பா ஸ்கூட்டரில் போட்டது 8 அங்குலச் சக்கரம். கால் தூக்காமல் ஏறலாம், உடுப்பில் எண்ணெய் படாது, சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றி மாட்டலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி அது. அந்த வசதிகளுக்காக நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்; பள்ளத்தைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் மனஸ்தாபம். ஆகவே நான் வளைந்து நெளிந்து போனால், குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். உங்களுக்குத் தெரியாத எதையோ தரையில் பார்த்திருக்கிறேன். என்னைத் தாண்டும்போது பக்கவாட்டில் அந்த நெளிவுக்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

மழையில் நீங்கள் வேறு உலகத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு வைப்பர். எனக்குக் கையுறையின் ஆள்காட்டி விரல். போன வாரம்கூட, லேசான தூறலில் ஒரு திருப்பத்தில் பாதாளச் சாக்கடை மூடியின் மேல் பின்சக்கரம் ஏறியது. வண்டி சத்தமே இல்லாமல் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி தாரைப் பிடித்தது. பின்னால் வந்த காருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு அடுத்த இரண்டு சிக்னல் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஈரத்தில் இரும்பு மூடி, சாலையில் போட்ட வெள்ளைப் பெயிண்ட், சிந்திய டீசல் மூன்றும் எனக்குச் சோப்பு மாதிரி. நெடுநாள் கழித்துப் பெய்கிற மழையில் முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம், அதுவரை படிந்திருந்த எண்ணெயும் தூசும் தண்ணீரோடு சேர்ந்து மேலே வரும். அந்த நேரத்தில் நான் திருப்பங்களில் கிழவன் மாதிரி போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீரில் என்னைத் தாண்டும்போது ஒரு பத்து கிலோமீட்டர் வேகம் குறைத்தால், உங்கள் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் என் முகத்தில் அறையாது. அறைந்தால் இரண்டு நொடி நான் குருடன்.

இரவில் ஹை பீம் பற்றி ஒரே வரி: ஹெல்மெட் கண்ணாடியில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் உங்கள் வெளிச்சத்தில் தனித்தனியாக எரியும். ஹாரன் பற்றி அரை வரி: காதுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

நாங்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. நிற்கிற வண்டிகளுக்கு நடுவே, யாருக்கும் தெரியாத மூலையில் புகுந்து புகுந்து போகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். ஊர்ந்துகொண்டிருக்கும் வரிசைகளுக்கு நடுவே போகும்போது, எந்தக் காரும் எந்த நொடியும் பாதை மாறலாம் என்று நினைத்துக்கொண்டே போக வேண்டும். அதை மறந்து ஒருமுறை ஒரு காரின் கண்ணாடியை மடக்கிவிட்டேன், அந்த அக்கா திட்டியது அத்தனையும் நியாயம். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியைச் செருகிக்கொண்டு பேசுகிறோம். வாரைக் கட்டாமல் ஹெல்மெட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு போகிறோம். விழும்போது தலை தரைக்கு வருவதற்கு முன்பே அது தனியாக உருண்டு போய்விடும். ஒழுங்காகப் போட்ட ஹெல்மெட், சாவுக்கான வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்துக்கான வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008இல் சொன்னார்கள். இதை உங்களுக்கு எழுதுவதைவிட என் தம்பிக்கு எழுதுவது பொருத்தம். எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

பெரிய வண்டிகளின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாத இடத்தில் தொங்கிக்கொண்டு வருவதும் எங்கள் பிழைதான். அவர் கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் நான் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் தங்கக் கூடாது. தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்தங்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள ஐந்து வருடம் ஆயிற்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த லாஸ் ஏஞ்சலஸ் அறிக்கையில், விபத்தில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அதே ஐரோப்பிய ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இருசக்கர வண்டி ஓட்டவும் உரிமம் வைத்திருந்த கார் ஓட்டுநர்கள், இருசக்கர வண்டிகளைக் கவனிக்காமல் விடுவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்களுக்கு மட்டும் கண் பெரிதாக இருந்திருக்காது. என்ன தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாகிறார்கள். அவர்களில் இரண்டு, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் போனவர்கள் ஏராளம். இந்த எண்ணைப் படித்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, பெரிய எண்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு என் காருக்கு முன்னால் வந்த அந்தப் பையனின் பள்ளிப் பை நீல நிறம். அது நினைவிருக்கிறது.

எல்லோரும் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. ஒரு காரியம் செய்யலாம். நம்பிக்கையான ஒருவர் ஓட்ட, ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து, உங்கள் வழக்கமான வழியிலேயே போய்ப் பாருங்கள். ஹெல்மெட்டோடுதான். அன்றாடம் ஜன்னலுக்கு வெளியே ஊமையாகத் தெரிகிற லாரி, முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி எப்படி மூச்சுவிடுகிறது என்று தெரியும். உங்களைப் போன்ற ஒருவர் இண்டிகேட்டர் போடாமல் பாதை மாறும்போது அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்று தெரியும். இரண்டு நொடி இடைவெளி எவ்வளவு சின்னது என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்காது.

முடியாதவர்களுக்கு: சந்திப்பில் இரண்டாவது முறை பாருங்கள். முதல் பார்வை கார்களுக்கு. இரண்டாவது, எங்களுக்கு, மெதுவாக, ஓரிரு இடத்தில் கண்ணை நிறுத்தி. மனதுக்குள் "ஸ்கூட்டர் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது, வேடிக்கையாகத் தோன்றினாலும். என்னைப் பார்த்துவிட்டால் ஒரு விரலை ஸ்டியரிங்கிலிருந்து லேசாகத் தூக்குங்கள். நேற்றுக் காலை ஒருவர் அப்படிச் செய்தார். அவர் வண்டி நகர்ந்துவிடுமோ என்று பிரேக்கில் இரண்டு விரல் வைத்துக்கொண்டு, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். விரலைத் தூக்கினார். நானும் தலையாட்டினேன். போய்விட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கக் கண்ணாடியில் இருக்கிற ஒருவன்

பி.கு.: ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் உங்கள் காரில் இருப்பதுபோல் திருப்பம் முடிந்ததும் தானாக அணையாது, பெரும்பாலான வண்டிகளில் நாங்களேதான் அணைக்க வேண்டும். மறந்துவிடுவோம். ஆகவே என் இண்டிகேட்டரை மட்டும் நம்பி என் முன்னால் வண்டியை எடுத்துவிடாதீர்கள். நான் வேகத்தைக் குறைக்கிறேனா, சாய்கிறேனா என்று பாருங்கள். நெடுந்தூரமாக எரிந்துகொண்டே போனால் பின்னாலிருந்து ஒருமுறை மெல்ல ஹாரன் அடியுங்கள். மேலே சொன்ன அரை வரியை அதற்கு மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.